நீச்சல் தெரிந்தவர்களும் கடலில் சிக்குவது ஏன்? கள்ளக்குறிச்சியில் இருந்து பீச் டிரிப் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

விழுப்புரத்தில் இருந்து பிரிந்து 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குக் கடற்கரை கிடையாது. ஆனால், கல்வராயன் மலையில் பெய்யும் மழைக்குக் கடல் உண்டு. கோமுகி ஆறாக இறங்கி, மணிமுக்தாவில் கலந்து, விருத்தாசலம் தாண்டி வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் வங்காள விரிகுடாவைத் தொட்டுவிடுகிறது அந்தத் தண்ணீர்.

நம்ம ஊர் இளைஞர்களும் கிட்டத்தட்ட அதே திசையில்தான் போகிறார்கள். சனி, ஞாயிறு லீவு கிடைத்தால் போதும். தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வழியாகக் கடலூர் சில்வர் பீச். கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தால் புதுச்சேரி. சுமார் நூறு கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு கடற்கரையில்.

போகிறவர்களில் பலருக்கு நீச்சல் தெரியும். கிணற்றிலோ, ஏரியிலோ, கோமுகி அணைப் பக்கமோ கற்றுக்கொண்ட நீச்சல். "நமக்குத்தான் நீச்சல் தெரியுமே, என்ன ஆயிடும்?" என்ற தைரியத்தோடு கடலில் இறங்குகிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. நின்ற தண்ணீரில் கற்ற நீச்சல் ஒரு திறமை. ஓடும் தண்ணீரைப் பார்த்து அதன் போக்கைப் புரிந்துகொள்வது இன்னொரு திறமை. கடலில் உயிரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

இந்தியாவில் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள். உலக அளவில் 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்காகவே ஜூலை 25-ம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினமாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடிய மரணங்கள். எப்படித் தடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிணறும் கடலும் ஒண்ணு இல்லையா?

இல்லை. கிணற்றில் ஆபத்து என்றால் ஆழம். ஆழம் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். நாம் களைத்துப் போனால் நாலு கை வீசினால் படிக்கட்டு. தண்ணீர் நம்மை எங்கும் கொண்டுபோகாது.

கடலில் ஆபத்து ஆழத்தைவிட ஓட்டத்தில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் கடல் நீரின் எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் கூடுதல். இடுப்பளவு அலை ஒன்று மோதும்போது பல டன் எடை நகர்ந்து வந்து மோதுகிறது. அது திரும்பிப் போகும்போது காலுக்கடியில் இருக்கும் மணலையும் அரித்துக்கொண்டு போகிறது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றவர் அடுத்த நிமிடம் தரை கிடைக்காமல் தவிப்பது இப்படித்தான்.

நம்ம கிழக்குக் கடற்கரையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல இடங்களில் கரை மெதுவாகச் சரியாது. சட்டென இறங்கும். நாலடி முன்னால் போனால் முழங்கால் ஆழம் மார்பு ஆழமாகிவிடும். அலையும் கரைக்கு மிக அருகில் வந்துதான் உடையும். அதனால் "நான் ஆழத்துக்குப் போகலையே, ஓரமாத்தானே நிக்கிறேன்" என்ற கணக்கு இங்கே எடுபடாது.

ரிப் கரன்ட் என்றால் என்ன?

கடலில் நீந்தத் தெரிந்தவர்களையே வீழ்த்துவது இதுதான். தமிழில் இழுவை நீரோட்டம் எனலாம்.

அலைகள் ஓயாமல் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வந்த தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். கரையை ஒட்டிக் கடலுக்குள் மணல் திட்டுகள் இருக்கும். அந்தத் திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ, அந்த வாய்க்கால் வழியாகத் தேங்கிய தண்ணீர் மொத்தமும் வேகமாகக் கடலுக்குத் திரும்பும். ஏரி மதகைத் திறந்தால் தண்ணீர் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகுமே, அதே மாதிரிதான்.

இந்த ஓட்டம் பெரும்பாலும் சில பத்து மீட்டர் அகலம்தான் இருக்கும். ஆனால் வேகம்? சாதாரண நாளில் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கலாம். அலை வலுவாக இருக்கும்போது விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேல் போவது அளந்து பதிவாகியிருக்கிறது. சுமாராக நீந்தத் தெரிந்தவர்களால் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டவே முடியாது. அதாவது, ஒலிம்பிக் வீரரே ஆனாலும் இந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்திக் கரை சேர்வது கஷ்டம்.

ஒரு முக்கியமான விஷயம்: ரிப் கரன்ட் யாரையும் அடிக்கு இழுப்பதில்லை. கரையில் இருந்து வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் அதன் வேகம் குறைந்துவிடும். அப்புறம் ஏன் உயிர் போகிறது? கரை விலகிப் போவதைப் பார்த்துப் பயந்து, அதை எதிர்த்து நேராகக் கரையை நோக்கி நீந்துகிறார்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் கை ஓய்ந்துவிடுகிறது. ஆக, கொல்வது ஓட்டம் மட்டுமல்ல, பதற்றமும் களைப்பும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ரிப் கரன்ட்டின் பெரிய ஏமாற்று வேலையே அது பார்க்க அமைதியாக இருப்பதுதான். வாய்க்கால் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக நுரைத்து உடையும்போது, நடுவில் மட்டும் ஒரு துண்டு கடல் சமதளமாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். குழந்தைகளோடு வந்த குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும்? "இங்க அலையே இல்ல, இங்கயே இறங்கலாம்" என்று சரியாக அந்த இடத்தில் போய் இறங்கும்.

கரைக்கு வந்ததும் உடனே இறங்காதீர்கள். கொஞ்சம் மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை:

- இரண்டு அலை வரிசைக்கு நடுவே அலை உடையாத ஒரு பாதை
- அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் நிறம் மாறி, கருத்தோ கலங்கியோ இருப்பது
- நுரை, குப்பை, இலை எல்லாம் கரைக்கு வராமல் கடலை நோக்கிப் போவது
- கருங்கல் தடுப்பு, பாலத்தின் தூண், படகுத்துறைச் சுவர் போன்றவற்றின் ஓரம். இங்கெல்லாம் இழுவை கிட்டத்தட்ட நிரந்தரமாகவே இருக்கும்

பத்து நிமிடம் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறிய அலைகள் கொஞ்ச நேரம், பிறகு மூன்று நான்கு பெரிய அலைகள் என்று கூட்டமாக வரும். நீங்கள் வந்து இறங்கிய நேரம் சின்ன அலை நேரமாக இருந்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவரிடம் போய், "அண்ணே, இன்னிக்கு இங்க இறங்கலாமா? இழுவை எப்படி இருக்கு?" என்று கேட்பது. நீரோட்டத்தை 'நீவாடு' என்று தனிப்பெயர் வைத்து, அதன் திசையையும் வேகத்தையும் தினமும் பார்த்துத் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். "வேணாம் தம்பி" என்று சொன்னால், அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

போன பொங்கலுக்கு இதே இடத்தில்தான் குளித்தோம் என்ற அனுபவமும் உதவாது. ஒரு மழைக்காலம், ஒரு புயல் போதும். மணல் திட்டுகள் இடம் மாறிவிடும்.

சிக்கிக்கிட்டா என்ன செய்யணும்?

வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. எதிர்த்து நீந்தாதீங்க. கரையை நோக்கி நேராக நீந்துவதை உடனே நிறுத்துங்கள்.
2. மிதங்க. மல்லாந்து படுத்து, காதுவரை தண்ணீரில் இருக்க, வாயும் மூக்கும் மேலே இருக்கும்படி மிதங்கள். உப்புத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட அடர்த்தியானது. கிணற்றில் மிதந்தவரால் கடலில் இன்னும் எளிதாக மிதக்க முடியும்.
3. கையைத் தூக்கிக் காட்டுங்க. ஒரு கையை உயர்த்தி அசைத்து, மூச்சு இருக்கும்போது சத்தம் போடுங்கள்.
4. பக்கவாட்டில் நீந்துங்க. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, வலது அல்லது இடது பக்கம் போங்கள். ஒரு பக்கம் போக முடியாமல் தள்ளினால் மறுபக்கம் முயலுங்கள்.
5. அலை உடையும் இடத்துக்கு வந்ததும் சாய்வாகக் கரைக்குத் திரும்புங்க. வெள்ளை நுரை கரையை நோக்கித்தான் தள்ளும். அது உங்களுக்குத் துணை.

நீந்தத் தெம்பே இல்லையா? மிதந்துகொண்டே இருங்கள். சில நேரம் ஓட்டமே சுற்றி வந்து கரைப் பக்கம் கொண்டுவந்து விடும். இல்லாவிட்டாலும், மிதக்கிறவரைக் காப்பாற்ற ஆள் வர நேரம் இருக்கும். நீச்சலே தெரியாதவர்கள்கூட மிதக்கப் பழகிக்கொள்ளலாம். ஊர்க் கிணற்றில் பழகும்போது வேகத்தைவிட முதலில் இதைப் பழகுங்கள்.

வெயில் அடிக்குது, காற்றும் இல்லை... அப்புறம் எப்படி அலை வரும்?

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரை. திருமணம் ஒன்றுக்காக வந்திருந்த மருத்துவ மாணவர்கள் குழுவாகக் கடற்கரைக்குப் போனார்கள். திடீரென எழுந்த அலையில் 5 பேர் உயிரிழந்தனர். புயல் இல்லை, மழை இல்லை.

அன்று வந்தது 'கள்ளக்கடல்'. கேரள, குமரி மீனவர்கள் வைத்த பெயர் இது. கள்ளனைப் போலச் சொல்லாமல் வரும் கடல். தென் இந்தியப் பெருங்கடலில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் அடிக்கும் புயல் காற்று எழுப்பும் நீண்ட அலைகள், பல நாள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. இங்கே வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் பொங்கும். 

வேதனை என்னவென்றால், இதற்கான எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், அந்த நாட்களில் கடல் பொங்கும் என்று அறிவித்திருந்தது. கரையோர ஊர்க்காரர்களுக்கு இந்தச் செய்தி மீன்வளத் துறை மூலமாகவும் ஒலிபெருக்கி மூலமாகவும் போய்ச் சேர்ந்துவிடும். நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து வருகிறவருக்கு? அவரேதான் தேடிப் பார்க்க வேண்டும்.

தேடுவது கஷ்டமில்லை. கிளம்புவதற்கு முந்தைய இரவு இன்காய்ஸ் இணையதளத்திலோ, அதன் சமுத்ரா செயலியிலோ, போகும் மாவட்டத்துக்கு உயர் அலை எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியில் மழை, புயல் அறிவிப்புகளைப் பார்க்கலாம். ஹோட்டல் ரேட்டிங் பார்க்க எடுக்கும் நேரத்தில் பாதி போதும்.

நம்ம பக்கக் கரைகளில் எங்கே, எப்போது?

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் நமக்கு மிகவும் பழகிய இடம். மாசி மகத் தீர்த்தவாரி முதல் காணும் பொங்கல் வரை கூட்டம் அலைமோதும். ஆனால், அதன் வடக்கே தாழங்குடா பக்கம் தென்பெண்ணை கடலில் சேர்கிறது. தெற்கே கெடிலம் சேர்கிறது. முகத்துவாரப் பக்கம் ஆள் இல்லாமல், போட்டோவுக்கு அழகாக இருக்கும். அங்கே இறங்கவே கூடாது. ஆறும் கடலும் மோதும் இடத்தில் ஓட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. தரையும் சேறும் பள்ளமுமாக இருக்கும்.

புதுச்சேரியில் காந்தி சிலை இருக்கும் கடற்கரைச் சாலை நடக்கவும் காற்று வாங்கவும்தான். கரையைக் காக்கக் கொட்டிய கருங்கற்கள் வழுக்கும், அலை அடித்தால் பாறையில் மோதும். கல்லில் ஏறி நின்று செல்ஃபி எடுப்பதும் அதே ஆபத்துதான்.

குடும்பத்தோடு குளிக்க வேண்டும் என்றால் சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் பீச் ஒரு நல்ல தேர்வு. 2021-ல் இதற்கும் சென்னை அருகே உள்ள கோவளத்துக்கும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு தரும் இந்தச் சான்றுக்கு 33 அளவுகோல்கள் உண்டு. உயிர்காப்பாளர் இருக்க வேண்டும், முதலுதவி இருக்க வேண்டும், தண்ணீரின் தரத்தைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

மாதக் கணக்கில் பார்த்தால், ஜனவரி முதல் மார்ச் வரை நம் பக்கக் கடல் ஒப்பீட்டளவில் அமைதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, காற்றழுத்தத் தாழ்வு என்று கொந்தளிப்பு. அந்த மூன்று மாதம் கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கொடிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என இருந்தால் அது உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதி. அப்படி இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். தனிச் சிவப்பு என்றால் இறங்காதே. அமெரிக்காவின் புளோரிடாவில், மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான கடலுக்குப் பெயர்போன கரைகளில் இன்னும் விரிவான முறை இருக்கிறது. இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடப்பட்டது, மீறினால் அபராதம். ஊதா என்றால் கொட்டும் உயிரினங்கள் இருக்கின்றன என்று பொருள். அமெரிக்கக் கடற்கரைகளில் அலைகளில் இருந்து உயிர்காப்பாளர்கள் மீட்கும் சம்பவங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ரிப் கரன்ட்டால்தான் என்று அங்குள்ள உயிர்காப்பாளர் சங்கம் சொல்கிறது. இவ்வளவு ஏற்பாடு இருக்கும் கரையிலேயே அந்த நிலை. கொடியும் இல்லை, காவலும் இல்லை என்ற கரையில் நாம்தான் நமக்குச் சிவப்புக் கொடி காட்டிக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் ஒருத்தர் மூழ்குறார்னா எப்படித் தெரியும்?

சினிமாவில் காட்டுவது போல் "காப்பாத்துங்க" என்று கத்தி, கையை வீச மாட்டார். மூச்சு விடவே முடியாதவரால் கத்த முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். ஏணியில் ஏறுவது போல இருக்கும், ஆனால் நகர மாட்டார். இந்த நிலையை முதலில் விவரித்தவர் ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர். இப்படி ஒருவர் தாக்குப்பிடிப்பது 20 முதல் 60 விநாடிதான். அதனால் குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

சரி, பார்த்துவிட்டோம். உடனே குதிக்கலாமா?

2022 ஜூன் 5. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே ஏ.குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணைப் பகுதியில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் இறந்தார்கள். பள்ளத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் அதிலேயே சிக்கிக்கொண்டார்கள். நம் ஊர் நீர்நிலை விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது இது. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற மற்றொருவர். உயிர் பயத்தில் இருப்பவர் கிடைத்ததைப் பிடித்து ஏற முயல்வார். பிடிபட்டவர் எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் கீழே போய்விடுவார்.

இன்னொரு சம்பவம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் 4 இளைஞர்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். அங்கே துணி துவைத்துவிட்டுக் கிளம்பிய 3 பெண்கள், தாங்கள் கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த 3 பெண்களுக்கும் தமிழக அரசு அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருது வழங்கியது.

உலகம் முழுக்க உயிர்காப்பாளர்களுக்குச் சொல்லித்தரும் பாடத்தைத்தான் அவர்கள் செய்து காட்டினார்கள். முதலில் எறி. குதிப்பது கடைசி. சேலை, துப்பட்டா, கயிறு, நீளமான கம்பு எதுவானாலும் சரி. கடற்கரையில் என்றால் மூடி போட்ட காலித் தண்ணீர் கேன், பெரிய பாட்டில், பந்து, கார் டியூப். பிடித்து மிதக்க ஏதாவது கிடைத்துவிட்டால் நேரம் கிடைத்துவிடும். டிரிப் போகும்போது வண்டியில் 15 மீட்டர் நைலான் கயிறும் ஒரு காலிக் கேனும் போட்டுக்கொள்ளுங்கள். செலவு ஒரு பிரியாணிக்கும் குறைவு.

கூடவே, அழைக்க வேண்டிய எண்கள்: எந்த அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு?

தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டும் வேண்டாம். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் போய் நிலைமை மோசமாகும். பொன்னான நேரமும் வீணாகும்.

மூச்சு இல்லை, அசைவு இல்லை என்றால் உடனே சிபிஆர். மூழ்கியவருக்குக் குறைவது ஆக்சிஜன் என்பதால், பயிற்சி பெற்றவர்கள் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிவிட்டு, நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். பயிற்சி இல்லையா? ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சு அழுத்தத்தை மட்டுமாவது நிறுத்தாமல் செய்யுங்கள்.

தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்து "ஒண்ணும் இல்ல" என்று சொன்னாலும், இருமல், மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதன் பிறகும் சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகலாம்.

வெயில், சொறி, கலங்கல் தண்ணீர்

கடற்கரை என்றாலே குளுகுளு என்று நினைக்க வேண்டாம். கோடையில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில், மதியத்துக்கு முன் வர வேண்டிய கடற்காற்று தாமதமாகும். அன்று கடலூரும் கொதிக்கும். தண்ணீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. காலை 9 மணிக்குள் அல்லது மாலை 4 மணிக்கு மேல் இறங்குங்கள். இருட்டுவதற்குள் ஏறிவிடுங்கள். இளநீர், நுங்கு, உப்புப் போட்ட மோர் எல்லாம் நல்லது. தலைசுற்றல், குமட்டல், குழப்பமான பேச்சு இருந்தால் நிழலில் படுக்கவைத்து, உடலை ஈரத்துணியால் துடைத்து, 108-ஐ அழையுங்கள்.

பீர் அடித்துவிட்டு இறங்குவது? போதையில் ஆழமும் தூரமும் தப்பாகத் தெரியும், கை கால் தாமதமாக வேலை செய்யும். குடித்தவர் கரையிலேயே இருக்கட்டும். ஜீன்ஸ், சேலை, நீளமான சுடிதார் நனைந்தால் காலைச் சுற்றும், அசையவே விடாது. நனைந்தாலும் கனக்காத அரைக்கால் சட்டை, டி-ஷர்ட் போதும்.

ஜெல்லி மீன், அதாவது நம் மீனவர்கள் 'சொறி' என்று சொல்வது, பட்டால் எரியும். கையால் தேய்க்காதீர்கள், மணலைப் போட்டுத் துடைக்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியாலோ அட்டையாலோ எடுங்கள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ இருந்தால் உடனே மருத்துவமனை. கரை ஒதுங்கிக் கிடக்கும் நீல நிற உயிரினங்களை அழகாக இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம். செத்த பிறகும் கொட்டும்.

பெருமழை பெய்த அடுத்த ஓரிரு நாட்கள் வாய்க்கால், ஆற்று முகத்துவாரம் பக்கம் குளிக்காதீர்கள். ஊர்க் கழிவு எல்லாம் அங்கேதான் வந்து சேரும். உடம்பில் ஆறாத புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

"கடலே வேணாம், மலைக்குப் போறோம்" என்பவர்களுக்கு...

அங்கேயும் இதே பாடம்தான். லெமூர் சம்பவம் நடந்து 11 நாள் கழித்து, 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மக்கள் படிகளில் தலைதெறிக்க ஓடிய வீடியோவைப் பலரும் பார்த்திருப்போம். குளித்தவர்களின் தலைக்கு மேல் இருந்த வானத்தை வைத்து அந்த வெள்ளத்தைக் கணித்திருக்க முடியாது. மழை கொட்டியது மேலே, மலைக்குள்.

கல்வராயன் மலையில் பெரியார், மேகம், கவியம் என்று நாம் போகும் அருவிகளுக்கும் இது அப்படியே பொருந்தும். கச்சிராயபாளையத்தில் வெயில் அடிக்கலாம். வெள்ளிமலைக்கு மேலே மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கி வந்தாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, அருவியின் சத்தம் மாறினாலோ பையை எடுக்கக்கூட நிற்காதீர்கள். பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையைக் கடந்து மறுகரைக்குப் போகலாம் என்று முயல வேண்டாம்.

பாறை மேல் இருந்து அருவிக் குட்டைக்குள் குதித்து ரீல்ஸ் எடுப்பது இன்னொரு ஆபத்து. தண்ணீருக்கடியில் இருக்கும் பாறை கண்ணுக்குத் தெரியாது. கழுத்தெலும்பு உடைந்தால் வாழ்நாள் முழுக்கப் படுக்கைதான். சிக்னல் கிடைக்காத இடத்தில் அடிபட்டால், ஆம்புலன்ஸை அழைக்கவே மலை இறங்க வேண்டியிருக்கும். வனத்துறை அருவிக்குத் தடை போட்டிருந்தால் மாற்று வழியாகப் போகத் தேடாதீர்கள். கோமுகி அணையில் மதகுப் பக்கமும், மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்குப் போனால் தென்பெண்ணையில் மணல் எடுத்த பள்ளங்கள் பக்கமும் போக வேண்டாம்.

கிளம்பும் முன் ஒரு நிமிடச் செக்லிஸ்ட்

- அலை, மழை எச்சரிக்கை பார்த்தாச்சா?
- கயிறு, காலி கேன், தண்ணீர், ஓஆர்எஸ் வண்டியில் இருக்கா?
- 112, 108, 1093, 1554 போனில் இருக்கா?
- எங்கே போறோம், எப்போ திரும்புவோம் என்று வீட்டில் சொல்லியாச்சா?
- கரையில் நின்று கண்காணிக்கும் ஆள் யார் என்று முடிவு பண்ணியாச்சா? அரை மணிக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளலாம்
- போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் கடலைப் பார்த்து, உள்ளூர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்போமா?
- தண்ணீரில் இருக்கும்போது கடலுக்கு முதுகு காட்டாமல் இருப்போமா?

கடைசியாக ஒன்று. கேங்காகப் போகும்போது "இறங்க வேணாம்டா" என்று சொல்கிறவரைக் கிண்டல் செய்வது நம் வழக்கம். அவர் பேச்சைக் கேட்டுக் கரையிலேயே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு வந்தால், இழப்பது ஒரு குளியல்தான். கடல் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.